கடைசிக் காட்சிக்கு முன் ஒரு டம்ளர் பால்

பால் வந்துவிட்டது.

கடைசிக் காட்சிக்கு முன்னால் ராஜா வேடக்காரருக்குப் பால் கொடுப்பது அந்த நாடகக் குழுவின் வழக்கம். மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிய பால். அதைத் தளபதி வேடம் போடுகிறவன்தான் கொண்டுவந்து தர வேண்டும். மேடையில் ராஜாவைக் குத்திக் கொல்லப்போகிறவன், திரைக்குப் பின்னால் பணிந்து நின்று பால் கொடுப்பான். நமக்குள் பகையில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

இன்று ராஜா வேடத்தில் உட்கார்ந்திருக்கும் இவனும் வருடக்கணக்காகத் தளபதியாக நின்று கொடுத்தவன்தான்.

கொடுத்துக் கொடுத்து, கிரீடத்தைப் பார்த்துப் பார்த்து, மாசித் திருவிழாவில் ஒருநாள் அந்தப் பாலில் குரலைக் கெடுக்கும் செந்தூரத்தைக் கலந்தான்.

அப்போது ராஜா வேடம் கட்டிய செவந்தியண்ணனின் குரல் அதோடு போயிற்று. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்ட குரல் அது. வேறு பிழைப்புத் தெரியாத மனிதர், இப்போது அதே மேடையில் திரை இழுக்கிறார்.

சித்திரையில் கிரீடம் இவன் தலைக்கு வந்தது. இன்றுதான் முதல் நாடகம். பாட்டுக்குப் பாட்டு விசில். இன்னும் ஒரு காட்சிதான். சாகப்போகும் ராஜா பாடுகிற நீண்ட விருத்தம். அதில் ஜெயித்துவிட்டால் இந்தச் சீமையில் இனி ராஜா இவன்தான்.

தொண்டை காய்ந்து கிடந்தது.

புதுத் தளபதி காத்தமுத்து டம்ளரை நீட்டினான். கொஞ்சம் அசட்டுப் பையன். நீட்டியபோது அவன் கண் ஒருமுறை கிரீடத்துக்குப் போய்வந்தது.

எல்லாத் தளபதிகளும் பார்ப்பதுதான். அந்தப் பார்வை எதுவரை போகும் என்பது இவனுக்கல்லவா தெரியும்.

சூடு பட்ட பூனைதான் அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். சூடு வைத்தவனுக்கும் அந்தப் பயம் உண்டு.

வேண்டாம் என்று தலையசைத்தான்.

அரிதாரம் பூசிக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. அந்தக் குழுவில் யாரும் தளபதியின் பாலை மறுத்ததில்லை. காத்தமுத்துவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

செவந்தியண்ணன் திரைக்கயிற்றை விட்டுவிட்டு வந்தார். பையனுக்காக மனம் இளகியிருக்க வேண்டும். டம்ளரை வாங்கி, அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். நன்றாகத்தான் இருக்கிறது, குடி என்று கையால் சொல்லி இவனிடம் நீட்டினார்.

இழக்கக் குரல் இல்லாதவர் குடித்துக் காட்டுகிறார். இவன் கை எழவில்லை.

அவர் நீட்டியபடியே நின்றார். டம்ளரைப் பார்த்தார். பிறகு இவன் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அரிதாரத்துக்கு அடியில் வியர்த்தது.

"எங் கொரலக் கொண்டுபோனது காத்து கருப்புன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

காற்றாகத்தான் வந்தது குரல். இவனுக்கு மட்டும் கேட்டது.

திட்டியிருக்கலாம். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கயிற்றிடம் போனார்.

மணி அடித்தது.

திரையை ஒழுங்காகத்தான் இழுத்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மேடை நடுவில் ராஜா வாயைத் திறந்தான்.

ஆர்மோனியக்காரர் சுதி கொடுத்தார்.

காத்திருந்துவிட்டு, மறுபடியும் கொடுத்தார்.