பாஸ் என்று கூப்பிடும் ரசிகர்

"என் லேப்டாப்ல என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

விஷ்ணுப்ரியா கேட்டதில் நியாயம் இருந்தது. இன்னும் வெளிவராத புதுக் கம்ப்யூட்டர் சிஸ்டத்தின் சோதனைப் பதிப்பை, முந்தின நாள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதில் ஏற்றியிருந்தான் அவள் கணவன் யுகேந்திரன். அவனுடைய லேப்டாப் மட்டும் பத்திரமாகப் பைக்குள் தூங்கியது.

"என் ஆபீஸ் வேலையெல்லாம் அதுலதான் இருக்கு!"

"ஒண்ணும் ஆகாது லா. என் வீடியோ சேனலுக்காக இதுகூடச் செய்ய மாட்டியா? ஜெஞ்சாரோம் லோகனைப் பாரு. எங்கேயோ ஒரு ஊர்ல இருக்கிற, முன்னப்பின்ன தெரியாத மனுஷன், ஒரு வீடியோ விடாம பாராட்டறான். நீ ஒரு தடவையாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா?"

அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலிருந்த அவர்கள் ஃபிளாட்டின் ஹாலில், தன் ஃபோனை ஸ்டாண்டில் மாட்டி நேரலையைத் தொடங்கினான். பார்ப்பவர்கள்: ஒருவர். யுகேந்திரன் உலகத்துக்கே வணக்கம் சொன்னான்.

"மக்களே, புது சிஸ்டம் எப்படி இருக்கு? காலையிலிருந்து ரெண்டு தடவைதான் நின்னு போச்சு. செம ஸ்டெடி!"

சொல்லி வாய் மூடுமுன் மறுபடி நின்றது.

"திரும்ப எழுந்து வர்ற அழகைப் பாருங்க," என்று சமாளித்தான். "இன்னொரு நல்ல செய்தி. திங்கட்கிழமை வேலையை ரிசைன் பண்றேன். இனி முழு நேரமும் உங்களுக்காகத்தான்!"

உடனே லோகனின் கமெண்ட் வந்தது. 'பாஸ், வேலையை மட்டும் விட்டுடாதீங்க. போய்க்கிட்டே இதையும் பண்ணலாமே.'

இதையே மனைவி சொன்னபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன், இப்போது கண் கலங்கினான்.

"இதுதான் மக்களே அன்பு! லோகன், உங்களை மாதிரி ரசிகர்கள் இருக்கும்போது எனக்கு எதுக்கு ஆபீஸ்? ஒரே ஒரு குறை. மத்த சேனல்ல ரசிகர்கள் எல்லாம் அண்ணே, அண்ணேன்னு உருகுறாங்க. நீங்க மட்டும் பாஸ், பாஸ்னு தள்ளியே நிக்கிறீங்க. அண்ணேன்னு கூப்பிடுங்க லா!"

அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

"சரி, இப்போ பெரிய அதிசயம். திரையில வந்த எதையும் இந்த சிஸ்டம் மறக்காது. நேத்து சாயங்காலம் என் வைஃப் இதுல என்ன பண்ணாங்கன்னு கேட்போமா?"

சமையலறையிலிருந்து ஓடி வந்தாள் விஷ்ணுப்ரியா. "என்னங்க, வேணாம்!"

"தப்பு பண்ணாதவங்களுக்கு என்ன பயம்?" கேமராவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு லேப்டாப்பில் கேள்வியைத் தட்டினான்.

அதுவரை எதையும் உருப்படியாகச் செய்யாத சிஸ்டம், இதை மட்டும் கச்சிதமாகச் செய்தது. அவள் நேற்றுப் பார்த்த திரை அப்படியே விரிந்தது. அவனுடைய வீடியோ. அதற்குக் கீழே, ஜெஞ்சாரோம் லோகன் என்ற பெயரில் பாதி அடித்த கமெண்ட்: 'பாஸ், உங்க அளவுக்கு விளக்க யாராலயும்...'

யுகேந்திரன் திரையிலிருந்து மனைவி பக்கம் திரும்பினான். அவள் தலைகுனிந்து தன் ஃபோனை அணைத்தாள். நேரலையில் பார்ப்பவர்கள்: பூஜ்யம்.

"திங்கட்கிழமை..." என்று இழுத்தான்.

"ஆபீஸ் சட்டை அயர்ன் பண்ணி வச்சிருக்கேன்."

"நீயே நேரா சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா நீங்க எங்கே கேக்கறீங்க? அதான் லோகனை விட்டுச் சொல்ல வச்சேன். என்ன, கட்டின புருஷனை அண்ணேன்னு எழுத மட்டும் கை வரலைங்க."