முழங்கையில் இருப்பவள்

பேஸ்பால் ஆட்டத்தில் முதலில் வீசியவர் களைத்த பிறகு, கடைசிக் கட்டத்தில் இறக்கப்படும் பந்துவீச்சாளன் ரமோன். முழங்கைத் தசைநார் அறுந்து, இனி அவ்வளவுதான் என்று வீட்டில் முடங்கிக் கிடந்தவனுக்கு, விபத்தில் இறந்துபோன ஒரு பெண்ணின் காலிலிருந்து எடுத்த தசைநாரை வைத்துத் தைத்தார்கள். அதன் பிறகு இன்றுதான் முதல் ஆட்டம். அந்தப் பெண்ணின் அம்மா இனெஸை அவனே வரச் சொல்லியிருந்தான். வேலியோரம் வந்து நின்றவளிடம் எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் கையை நீட்டினான். அவள் தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

“வலிக்குதாப்பா?”

“இல்லம்மா. உங்க பொண்ணு நல்லா பிடிச்சுக்கிட்டிருக்கா.”

“பிடிவாதக்காரியாச்சே, விடுவாளா!” இனெஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அதற்குள் பயிற்சியாளர் கூப்பிட்டுவிட்டார். ரமோன் ஓடிப்போய் மைதானத்தின் நடுமேட்டில் ஏறிப் பந்தை வாங்கிக்கொண்டான். வேகமாகப் போடு, வேகமாகப் போடு என்று அரங்கமே கத்தியது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து இனெஸின் குரல் மட்டும் தனியாக வந்தது.

“மெல்லடி கண்ணு, பாத்து!”

ரமோன் தொப்பியைக் கழற்றினான்.

“சரிம்மா” என்றான்.