பதினேழாவது விடயம்

“கூட்டத்துக்குப் போனா ஒரு வார்த்தையாவது கதைச்சிட்டு வா...” என்று சீமோனின் பெரியப்பா சொல்லுவார். அதற்குப் பிறகும் ஏதோ சொல்லுவார். அது சீமோனுக்கு மறந்துபோயிற்று.

ஒரு வார்த்தை அல்ல, ஐந்து நிமிடப் பேச்சோடு வந்திருந்தார் சீமோன். மகள் ஸ்டெபனி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது. வேலைக்கு லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, நகரசபையின் பார்வையாளர் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.

அவருடைய குடும்பம் இருபத்திரண்டு வருடமாக இருக்கும் அப்பார்ட்மென்றில் எல்லாருக்கும் கடிதம் வந்திருந்தது. கட்டடத்தைத் திருத்தப் போகிறார்களாம், எல்லாரும் வீட்டை விட்டு எழும்ப வேண்டுமாம். திருத்தி முடிந்ததும் அதே வீடு வேறு ஆட்களுக்கு, வேறு வாடகைக்கு.

அப்படி எழுப்பப்பட்டவர்களை அதே வாடகைக்குத் திரும்பவும் குடிவைக்க வேண்டும் என்று ஒரு சட்டமூலம் மாகாண அரசிடம் இருந்தது. ‘ஆதரிக்கிறோம்’ என்று நகரசபை ஒரு கடிதம் அனுப்பினால் அதற்குப் பலம். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

அன்றைய நிகழ்ச்சி நிரலில் அது பதினேழாவது விடயம். உறுப்பினர் யாராவது ‘இதைத் தனியாக எடுங்கள்’ என்று கேட்டால்தான் பொதுமக்கள் பேசலாம்.

கேட்க ஆள் இருந்தது. சபையின் ஒரே தமிழ் உறுப்பினர், ஷாமிலா. போன தேர்தலில் அவருக்காகச் சீமோன் பதினாலு மாடியும் ஏறிக் கதவு தட்டியவர். அன்றைக்கும் லிஃப்ட் பழுது.

தலைவர் தொடங்கினார். நாலு தொடக்கம் முப்பத்தொன்று வரையான விடயங்கள் எல்லாம் ஒரே கட்டு. நூலகக் கூரை, பனி அள்ளுகிற ஒப்பந்தம், நாய்ப் பூங்காவுக்கு வேலி. யாராவது எதையாவது தனியாக எடுக்க வேண்டுமா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

சீமோன் ஷாமிலாவைப் பார்த்தார். ஷாமிலா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி. அடுத்தது முப்பத்திரண்டு.”

இருபது செக்கன்கூட இல்லை. ஒரு கட்டடம் முழுக்க நாய் வேலியோடு சேர்ந்து போய்விட்டது.

இடைவேளையில் சீமோன் ஷாமிலாவை நடைவழியில் மறித்தார்.

“பிறகு கதைப்பம் அங்கிள். இப்ப வேண்டாம்.”

“பிறகெண்டா எப்ப? எங்கட கட்டிலை ரோட்டில தூக்கிப் போட்ட பிறகோ?”

கோப்பியோடு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஷாமிலா அவர்களுக்கு ஒரு சிரிப்பைக் காட்டிவிட்டு, சீமோனின் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனார்.

சீமோன் விடவில்லை. ஒன்பதாம் மாடி அருள்நாயகம் முதலே சொன்னவன், உவ படம் எடுக்க மட்டும்தான் வருவா எண்டு. தான்தான் அவனோடு சண்டை பிடித்தது. இப்போது அவனுடைய முகத்தில் எப்படி முழிக்கிறது என்று கேட்டார். “ஒரு கை தூக்க ஏலாதோ பிள்ளை உமக்கு?”

“பதினேழில அதிகாரிகள் என்ன எழுதியிருந்தவை எண்டு பாத்தனீங்களோ?”

சீமோன் பார்க்கவில்லை.

“‘சட்டமூலத்தை ஆதரித்துக் கடிதம் அனுப்பவும்.’ ஒருத்தரும் தனியா எடுக்காட்டி அது எழுதினபடியே நிறைவேறும். நிறைவேறிட்டுது அங்கிள்.”

சீமோனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“எடுத்திருந்தா?”

“தோத்திருப்பம். எட்டுப் பேர் எதிர்ப்பினம், அதில நாலு பேர் வீடு வாடகைக்கு விடுறவை. எங்கட பக்கம் ஆறு. அவையள் அந்தப் பக்கத்தைப் புரட்டியே பாக்கேல்லை. நான் வாய் திறந்திருந்தா பாத்திருப்பினம்.”

“எனக்கு ஒரு சொல்லு முதலே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்கள் வட்ஸ்அப் குறூப்பில போட்டிருப்பியள்.”

அது உண்மைதான். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. வேறு பக்கம் திரும்பியிருந்தது.

“அப்ப நாங்கள் வெண்டது, உவை வாசிக்காதபடியாலயோ? நூற்றறுபது குடும்பம் ரோட்டுக்கு வாற விசயத்தை உவை வாசிக்கிறதே இல்லையோ?”

“இல்லை,” என்றார் ஷாமிலா.

பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். கடிதம் வெள்ளிக்கிழமைதான் போகும். அதற்கிடையில் விசயம் வெளியே வந்தால், திரும்ப எடுக்கச் சொல்லி யாராவது கேட்கலாம். அதுவரைக்கும் கட்டடத்தில் தன்னை என்ன பேசினாலும் பேசட்டும். அடுத்த தேர்தலில் அங்கே தனக்கு ஒரு வோட்டும் விழாது என்பதும் தெரியும்.

“நீங்கள் மட்டும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ அங்கிள். என்னைப் பேசினா பேசாமக் கேட்டுக்கொண்டு இருங்கோ.”

மணி அடித்தது. ஷாமிலா உள்ளே போய்விட்டார்.

சீமோனின் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. குறூப்பில் அருள்நாயகம் கேட்டிருந்தார்: “என்ன மாதிரி? உம்மட ஷாமிலா கை தூக்கினவவோ, இல்லாட்டி அங்கயும் செல்ஃபியோ?” கீழே பதினொரு பேர் சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள். வாடகைக்காரர் சங்கத்துத் துர்க்கா, இன்று பின்னேரமே ஷாமிலாவின் அலுவலகத்துக்கு முன்னால் மறியலுக்கு நிற்போம், எத்தனை பேர் வாறியள் என்று கேட்டிருந்தார்.

சீமோன் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி அனுப்பினார்.

“அவவில பிழை இல்லை. நான்தான் பஸ்ஸை விட்டிட்டுப் பிந்திப் போனன். என்ர பேரைக் கூப்பிட்டவையாம். நான் அங்க இல்லை.”