மூன்று சிமிட்டல்

மலையூருக்கு அரசு கொண்டுபோன முதல் இணையக் கேபிள் மண்சரிவில் புதைந்தது. அதைப் பதித்துக்கொண்டிருந்த மாறனும் அதோடு போனான், உடல் கிடைக்கவில்லை. பழையதை வெட்டிவிட்டுப் புதிதாக இழுக்க வந்தவள் அவன் தங்கை பூவிழி.

மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கேபிளைச் சீவி, முடியளவு கண்ணாடி இழையைப் பிரித்தாள். இழையின் நுனியிலிருந்து அவள் உள்ளங்கையில் சிவப்பு ஒளிப்புள்ளி மூன்று முறை விழுந்தது. இழை சரியாக இருந்தால் மாறன் அப்படித்தான் மறுமுனைக்கு விளக்கடிப்பான்.

கேபிளின் மறுமுனையில், மலையூரில் இருந்த சக ஊழியர் சேவியரைப் போனில் அழைத்தாள்.

“அண்ணே, லைட் அடிக்கிறீங்களா?”

“நடுவுல அறுந்து கெடக்குற கேபிள்ல எங்கிட்டு அடிக்க? வெட்டிப் போட்டுட்டு வா புள்ள, மழை வருது.”

வெட்டுக்கருவியைக் கீழே வைத்தாள். தன் விளக்கை இழையில் பொருத்தி மூன்று முறை அமுக்கினாள். கழற்றிவிட்டு உள்ளங்கையை நீட்டிக் காத்திருந்தாள்.

சிவப்புப் புள்ளி விழத் தொடங்கியது. இம்முறை மூன்றோடு நிற்கவில்லை.