சுவர்ப் பக்கம் திருப்பிய ஸ்பீக்கர்

"சார், ஸ்பீக்கரோட முகம் நம்மளைப் பார்த்து இருக்கணும். நீங்க சுவரைப் பார்த்து வைக்கச் சொல்றீங்களே!"

ஸ்பீக்கர் மாட்ட வந்தவர் ஏணியில் நின்றபடி தலையைச் சொறிந்தார். படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிய அறை அது. சுற்றிலும் சத்தம் வருகிற மாதிரி ஆறேழு ஸ்பீக்கர் வாங்கியாகிவிட்டது.

"சொன்னதைச் செய்யுங்க. நடு ஸ்பீக்கர் அந்தச் சுவரைப் பார்த்து இருக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

"நடு ஸ்பீக்கர்லதான் சார் பேச்செல்லாம் வரும். அதைத் திருப்பிட்டா உங்களுக்கு ஒண்ணும் சரியாக் கேக்காது."

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

சமையலறையில் இருந்த அவர் மனைவிக்கு வேலை ஓடவில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்பது ஸ்பீக்கர்காரருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

ஒரே வீடாக இருந்ததை அவள் புருஷனும் அவர் அண்ணனும் குறுக்கே சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டார்கள். அன்றோடு பேச்சும் நின்றது. வாசலில் எதிரெதிரே வந்தால்கூட இருவருக்கும் திடீரென்று வானத்தில் ஏதாவது தெரியும். இதற்கு நடுவில் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் சரியாக வராமல் பார்வையே போய்விட்டது. சுவரை ஒட்டிய அறையே கதியென்று கிடக்கிறார். தம்பி ஒரு எட்டு போய்ப் பார்க்கவில்லை.

போக்குவரத்தெல்லாம் பெண்களுக்குள்தான். பின்வாசல் வழியாக அவளும் ஓரகத்தியும் புருஷன்மாருக்குத் தெரியாமல் போய் வந்துகொண்டிருந்தார்கள். இந்தக் கூத்தில் அந்த ஒரு வழியும் அடைபட்டுப் போகுமே என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"என்னங்க, வேற சுவரே இல்லையா உங்களுக்கு?"

"இல்ல."

"முடியாத மனுஷங்க. நிம்மதியாத் தூங்கவாவது விட வேண்டாமா?"

"யாரு மனுஷன்? அந்தப் பக்கம் எனக்கு யாரையும் தெரியாது. என் வீடு, என் சுவர்."

"ஓ, பக்கத்து வீட்டோட தகராறா?" என்று ஸ்பீக்கர்காரர் அவளிடம் மெதுவாகக் கேட்டார். அவளுக்கு மானமே போயிற்று.

எல்லாம் மாட்டியானதும், சோதித்துப் பார்க்கப் புதுப்படம் ஒன்றைப் போடப் போனார் ஸ்பீக்கர்காரர்.

"குண்டு வெடிச்சா வீடே அதிரும் பாருங்க சார்."

"அதெல்லாம் வேண்டாம்" என்று வீட்டுக்காரர் தானே ஒரு படத்தைத் தேடிப் போட்டார். கறுப்பு வெள்ளைப் படம். அரதப் பழசு.

"இதுக்கா சார் இத்தனை ஸ்பீக்கர்?"

அவர் சத்தத்தை ஏற்றினார். உட்காரவும் இல்லை. அந்தச் சுவரிலேயே சாய்ந்து நின்றுகொண்டார். போதாததற்கு வாயைத் திறந்து கத்த வேறு ஆரம்பித்தார்.

"மாடிப்படியில ஏறுறான்! கையில விளக்கு! போச்சு, விளக்கு அணைஞ்சுடுச்சு! பின்னாடி ஒருத்தன் வர்றான், முகத்துல துணி கட்டியிருக்கான்!"

"எங்களுக்கும் கண்ணு தெரியுதுங்க" என்றாள் அவள் எரிச்சலோடு.

அவர் காதிலேயே வாங்கவில்லை. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தாள். கண் மட்டும் சுவரை விட்டு நகரவில்லை. பார்வை போன மனிதரை இப்படியா படுத்துவது? கூடப் பிறந்தவர்தானா இவர்? எந்த முகத்தோடு இனி ஓரகத்தி வீட்டுப் படி ஏறுவது?

திரையில் சண்டைக் காட்சி வந்தது. அதைப் பார்க்கிற சுவாரசியத்தில் அவர் ஒரு வழியாக வாயை மூடினார். அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் சுவர் அதிர்ந்தது.

டக்! டக்! டக்!

"அந்தப் பக்கத்துல இருந்து தட்டறாங்க சார்" என்று ஸ்பீக்கர்காரர் பையைக் கட்ட ஆரம்பித்தார்.

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. செருப்புக்கூடப் போடாமல் பின்வாசல் வழியாக ஓடினாள்.

ஓரகத்தி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மன்னிச்சிடுங்கக்கா. இப்பவே நிறுத்தச் சொல்லிடறேன்."

"ஐயோ, நிறுத்தித் தொலைச்சிடாதடி! முதல்ல உள்ள வா."

உள்ளே பெரியவர் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, காதைச் சுவரில் வைத்து உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

"யாரு, சின்னவளா? வந்தது நல்லதாப் போச்சும்மா. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு நானும் அவனும் பார்த்த படம் இது. பேச்செல்லாம் பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேக்குது. படி ஏறினது, விளக்கு அணைஞ்சது எல்லாம் சரியாத்தான் சொல்லிக்கிட்டு வந்தான். சண்டை வந்ததும் மடையன், தான் மட்டும் பார்த்துக்கிட்டு நிக்கிறான்! யாரு யாரை அடிக்கிறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதையும் சொல்லச் சொல்லு."



"சொல்றேன் மாமா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ஏம்மா" என்று பெரியவர் அவசரமாகக் கூப்பிட்டார். "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே. எங்களுக்குள்ள பேச்சு கிடையாது."