மொரிதாவைக் காணவில்லை

சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டே மிதித்தாள்.

யாரும் விலகவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்கள். ஆற்றங்கரை நெடுக செர்ரி மரங்கள். நேற்றுவரை மொட்டாக இருந்தவைகூட இன்று பூத்துவிட்டன.

அவள் மட்டும் தண்ணீரைப் பார்த்தாள்.

இதழ்கள் மிதந்து போயின. வேறெதுவும் மிதக்கவில்லை.

முதியோர் இல்லத்திலிருந்து ஒன்பது பேரைப் பூப் பார்க்கக் கூட்டி வந்திருந்தார்கள். மொரிதா அவள் பொறுப்பு. எண்பத்து மூன்று வயது. பாதி நாள் தன் பெயரே அவருக்கு நினைவிருக்காது. மனைவி இறந்த பிறகு, எட்டு மாதமாக வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

தூத்துக்குடியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தாள். ஒரே ஒரு படம்.

திரும்பியபோது பெஞ்சு காலியாக இருந்தது.

நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

இல்லத்து சைக்கிள். சீட்டு உயரம். கால்நுனிதான் பெடலுக்கு எட்டியது. ஈர இதழ்களில் சக்கரம் வழுக்கி ஒருமுறை விழுந்தாள். முழங்கால் எரிந்தது. குனிந்து பார்க்கவில்லை.

அவர் நீலத்தொப்பி போட்டிருந்தார். இப்போது கண்ணில் பட்டதெல்லாம் நீலத்தொப்பி. ஒவ்வொன்றாக நெருங்கி, முகம் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் மிதித்தாள்.

கரை சரிந்து தண்ணீரில் இறங்கும் இடங்களில் மட்டும் வேகத்தைக் குறைத்தாள். அங்கே பார்க்கத்தான் வேண்டியிருந்தது. பார்க்கவும் பயமாக இருந்தது.

கடைசிப் பாலத்தைத் தாண்டியதும் சட்டென்று பிரேக்கைப் பிடித்தாள்.

மரத்தடியில் தார்ப்பாய் விரித்து ஒரு குடும்பம். முன்பின் அறியாதவர்கள். நடுவில் மொரிதா. செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டிருந்தார். கையில் காகிதக் கோப்பை.

பேசிக்கொண்டிருந்தார்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் அகல விரித்தார். ஏதோ பெரிய மீன் போலிருக்கிறது. குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்தால் அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

போன் அதிர்ந்தது. கூட வேலை பார்க்கும் ஜெசிந்தா அக்கா. குரலில் மூச்சிரைத்தது.

"ஏட்டி பிரிசி, ஆளு கெடச்சாரா? இன்னும் பத்து நிமிசத்துல போலீசுக்குச் சொல்லப் போறாங்களாம்."

அவள் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாள்.

மொரிதா இன்னொரு கதையைத் தொடங்கியிருந்தார்.

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்க்கா" என்றாள்.