நாலாவது புகார்

"பதினாலு கப்பு வாங்கிக் கொடுத்தவங்கன்னு நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன் மேடம்" என்று ஆரம்பித்தார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

எதிரே பிரின்ஸிபால் அம்மா. பக்கத்து நாற்காலியில், கழுத்தில் விசிலோடு, பெண்கள் ஃபுட்பால் டீமின் கோச். பத்தொன்பது வருஷமாக இந்தக் காலேஜ் பெண்களை ஓட வைக்கிற அம்மா. ஆனால் வேலை இன்னும் நிரந்தரமில்லை. வருஷா வருஷம் பிரின்ஸிபால் போடும் ஒரு கையெழுத்தில்தான் நீள்கிறது. இந்த வருஷத்துக் காகிதம் மேஜையில்தான் கிடந்தது. அதன்மேல் மாஸ்டரின் புகார் மனு.

மாஸ்டர் பெற்றோர் சங்கச் செயலாளர் வேறு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வீட்டிலும் அப்படித்தான். ஸ்டீயரிங்கை யார் பிடித்தாலும் பிரேக் இவர் காலடியில் இருக்கும்.

சனிக்கிழமை ஃபைனல். மாஸ்டரின் மகள் ரெண்டு கோல் போட்டுவிட்டாள். ரெண்டுக்கு ஒண்ணு என்று காலேஜ்தான் முன்னால் நின்றது. எழுபத்தோராவது நிமிஷத்தில் அதே பெண்ணை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார் கோச். அப்புறமென்ன, எதிர் டீம் அடுத்தடுத்து ரெண்டு போட்டது. பதினைந்தாவது கப்பு கைநழுவிப் போயிற்று.

மாஸ்டர் வெறுங்கையோடு வரவில்லை. முழு ஆட்டத்தையும் கேலரியிலிருந்து போனில் பிடித்து வைத்திருந்தார். மனுவில் நம்பர் போட்டு நாலு புகார். நன்றாக ஆடுகிற பெண்ணை வெளியே எடுத்தது, காரணம் கேட்டால் வாயைத் திறக்காதது, பெண்ணின் மனசு உடைந்துபோனது. நாலாவது, சாக்ஸ்.

"சாக்ஸா?" என்றார் பிரின்ஸிபால்.

"காலேஜ்ல கொடுத்த சாக்ஸ்தான் மேடம். இடது கால்ல நிக்கவே மாட்டேங்குது. ஓடறதா, குனிஞ்சு குனிஞ்சு சாக்ஸை இழுத்து விடறதா? பாவம் பொண்ணு. வீடியோவுலயே இருக்கு."

கோச் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

அடுத்து மூணாவது புகாரை விளக்கினார் மாஸ்டர். மகள் நாலு நாளாக மாடியில் இருக்கிற தன் ரூமுக்கே ஏறவில்லையாம். ஹால் சோபாவிலேயே படுக்கை. அவமானத்தில் எழுந்து நடக்கக்கூடப் பிடிக்கவில்லை அவளுக்கு. போன மாசம் முட்டி வலி என்று முனகினபோதுகூட, வலி கிலி என்கிற பேச்சே இந்த வீட்டில் கூடாது என்று ஓர் அதட்டல் போட்டு, கிரவுண்டில் இறக்கிவிட்டு வந்தவர் இவர். அப்படி வளர்த்த பிள்ளையாக்கும் என்று பெருமையாகவே சொன்னார்.

பிரின்ஸிபால் கோச்சிடம் திரும்பினார்.

"ஏன் எடுத்தீங்க?"

"எனக்குத் தோணுச்சு மேடம்."

"அவ்வளவுதானா? காலேஜ் கமிட்டி முன்னால இதை வெச்சா, நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அதையே எழுதிக் கொடுங்கள் என்றார் பிரின்ஸிபால். கோச் அவருடைய பேனாவையே இரவல் வாங்கி, அந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஃபர்ஸ்ட் இயர் பெண்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

திமிரைப் பாருங்கள் என்றார் மாஸ்டர். மனுவின் நகலில் சீல் குத்தி வாங்காமல் நகர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். கிளார்க் சீலைத் தேடி எடுக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

மாஸ்டரின் ஸ்கூட்டர் கிரவுண்ட் ஓரத்து ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் நின்றது. சாவியைப் போடும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் கோச்சின் குரல் கேட்டது. புதுப் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"முடியலைன்னா கையைத் தூக்கிக் காட்டாதீங்க. கேலரியில அப்பா, அண்ணன், மாமான்னு ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. குனிஞ்சு இடது கால் சாக்ஸை ரெண்டு தடவை இழுத்து விடுங்க, போதும். நான் வெளியே எடுத்துடறேன். எவன் கேட்டாலும் எனக்குத் தோணுச்சு, எடுத்தேன்னு சொல்லிடுவேன். பத்தொன்பது வருஷமா அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

"மேட்ச் தோத்துட்டா மேடம்?" என்றது ஒரு பெண் குரல்.

"தோத்தா திட்டு எனக்குத்தானே? உனக்கென்ன?"

மாஸ்டர் சாவியை உருவிக்கொண்டார். ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்து வீடியோவைத் திறந்தார்.

அறுபத்து நாலாவது நிமிஷம். மகள் குனிந்து சாக்ஸை ஒரு தடவை இழுத்தாள். நிமிர்ந்து கேலரியைப் பார்த்தாள். "குனியாதே, ஓடு" என்று போனுக்குள்ளிருந்து இவர் குரலே கத்தியது. விட்டுவிட்டு ஓடினாள். அறுபத்தெட்டில் மறுபடி ஒரு தடவை, மறுபடி கேலரி, மறுபடி இவர் குரல். எழுபத்தொன்றில் கேலரியைப் பார்க்கவில்லை. ரெண்டு தடவை இழுத்தாள். அவள் நிமிர்வதற்குள் கோச் எழுந்து நின்றுவிட்டார்.

அவமானத்தில் மாடி ஏறவில்லை என்று பிரின்ஸிபாலிடம் சொல்லிவிட்டு வந்த மாஸ்டர் போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

திரும்பவும் படியேறிப் போனபோது பிரின்ஸிபால் மனுவையும் கோச் எழுதிக் கொடுத்த காகிதத்தையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுவை வாபஸ் வாங்கிக்கறேன் மேடம்."

"சீல் வெச்சாச்சே சார். இப்போ வாபஸ்னா நீங்களும் காரணம் எழுதித் தரணும். என்ன காரணம்?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். சொன்னால் சாக்ஸ் விஷயம் கமிட்டிக்குத் தெரியும். கமிட்டிக்குத் தெரிந்தால் அத்தனை அப்பாக்களுக்கும் தெரியும். திறந்த வாயை மூடிக்கொண்டு பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

"எனக்குத் தோணுச்சு மேடம்."